எம்டன் கப்பலுக்கு டெட்டால் வைத்தியம்

1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்துபோன எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் 118 மீட்டர் நீளம் கொண்டது. அதை 350-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 34 சென்டிமீட்டர்கூட வராது. அப்படிச் சுருக்கிய பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை, தீபாவளி விடுமுறைக்குப் பள்ளத்தூர் வந்த என் அக்காள் மகன் பெட்டியோடு கொண்டுவந்து, எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில் பாய் விரித்துப் பரப்பினான். அசல் எம்டன் சென்னையில் இருந்ததைவிட இந்தச் சிறிய எம்டன் எங்கள் வீட்டில் மிக அதிக நேரம் இருந்தது. சேதமும் அதற்கேற்பவே இருந்தது.

ஒட்டும் வேலையில் மருமகனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. எள்ளளவே இருந்த பீரங்கிகளைக்கூட இடுக்கியால் எடுத்து, கோணாமல் குலையாமல் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டான். வினையெல்லாம் வண்ணத்தில்தான் வந்தது. சமாதான காலத்தில் வெள்ளை நிறத்தோடு உலவி, ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கிய எம்டன், போர் தொடங்கியதும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. மருமகனும் போர்க்கால எம்டனையே செய்வதென்று முடிவெடுத்து, நீர்மட்டத்துக்கு மேலே சாம்பல் பூசி, அது காய்ந்தபின் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கீழே சிவப்பைப் பூசினான். டேப்பை உரித்துப் பார்த்தால், நேர்கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மேலேறிக் கசிந்து, கப்பல் வெற்றிலை குதப்பிய வாயைப் போலக் காட்சியளித்தது.

அவன் உடனே விரலால் துடைக்கப் போனான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அக்ரிலிக் வண்ணம் ஈரமாக இருக்கும்போது தப்பு நேர்ந்தால், சுத்தமான தூரிகையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒற்றி எடுத்துவிடலாம். நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே அடிநிறத்தைப் பூசி மறைத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே, அரைகுறையாகக் காய்ந்திருக்கும் நேரத்தில் தொட்டால், அடியில் இருப்பதும் சேர்ந்து தோலாகச் சுருண்டு வந்துவிடும். அந்த நேரத்தில் செய்யத்தக்கது, ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டுமே. ஆனால் பங்காளிகள் சேர்ந்து அனுபவிக்கும் வீட்டில் அது நடக்கக்கூடிய காரியமா? ஆளுக்கு ஓர் அறை பங்கிருப்பதுபோல, வீட்டுக்குள் நடக்கும் எந்த வேலையிலும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லும் பாத்தியதையும் எங்கள் வீட்டில் உண்டு.

முதலில் வந்தவர் பெயின்டர் மேஸ்திரி. கார்த்திகையில் பெரியப்பாவின் மணிவிழா வைத்திருந்ததால், முகப்புக்கு வண்ணம் பூச அவரை அழைத்திருந்தோம். ஐப்பசி மழை விடாமல் பெய்ததால் அவர் வேலையின்றி, கூலியும் இன்றி, யோசனைகளோடு மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். எங்கள் முகப்பின் உச்சியில் கஜலட்சுமியும், அவளுக்கு இருபுறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்களும் சுதையில் நிற்கிறார்கள். மழைக்கு முன்னால் மேஸ்திரி பூசி முடித்திருந்த இடப்பக்கச் சிப்பாய்க்கு மீசை ஒருபுறம் உதட்டோடு நிற்க, மறுபுறம் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. “தெருவுல நின்னு பாக்குறவருக்கு மீசை இருக்கா இல்லையான்னுதான் தெரியும், ஐயா” என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைப்படி எம்டனைத் தூக்கிக்கொண்டுபோய் வளவின் மறுகோடியில் நின்று, “இப்பச் சொல்லுங்க, தப்புத் தெரியுதா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மருமகனோ செல்போன் கேமராவை ஒரு விரற்கடை தூரத்தில் வைத்துப் படமெடுத்து, அதையும் பெரிதாக்கிப் பார்க்கிற பிறவி. தெருவில் நிற்பவரின் கண்ணுக்கு அவன் கணக்கில் மதிப்பே இல்லை.

இருந்தாலும், கப்பலைத் திருப்பித் தந்தபோது மேஸ்திரி சொன்ன ஒன்றுக்கு விலையே கிடையாது. டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒருமுறை இழுத்துவிட வேண்டும். கசிந்தால் அடிநிறம்தான் கசியும். இடுக்கெல்லாம் அடைபட்டுவிடுவதால், பிறகு பூசும் நிறம் கோட்டைத் தாண்டாது. சுவருக்கு ஓரக்கோடு இழுத்துப் பழகியவரின் இந்த யோசனைக்குப் பிறகு, கப்பலின் மறுபுறம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக வந்தது.

கசிந்த பக்கத்தை, இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள் காலையில் சரிசெய்தோம். தென்னை ஈர்க்கைச் சாய்வாகச் சீவி, மேலேறிய சிவப்பை மெல்லச் சுரண்டி, மேடாக நின்ற இடங்களை மிக நயமான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, மேலே நீர்த்த சாம்பல் நிறத்தை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசினோம். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிண்ணத்தில் கலந்து வைத்திருந்த சாம்பல் தீர்ந்துபோயிருந்ததால், மருமகன் கறுப்பையும் வெள்ளையையும் புதிதாகக் கலந்திருந்தான். அக்ரிலிக் வண்ணம் ஈரத்தில் ஒரு நிறமாகவும் காய்ந்தபின் அதைவிடச் சற்று அழுத்தமாகவும் தெரியும் என்பதால், பூசும்போது பொருந்தியதாகத் தோன்றியது, காய்ந்ததும் ஒட்டுப்போட்ட சட்டையாகிவிட்டது. கையால் கலந்த நிறத்தை மறுபடி அப்படியே கொண்டுவர முயல்வது வீண் வேலை. திட்டை மட்டும் மறைக்காமல், ஓரம் முடியும் இடம் வரை அந்தப் பக்கம் முழுவதையும் பூசிவிட வேண்டும். முழுவதையும் பூசினோம். புகைபோக்கிகளுக்கும் மேல்தளத்துக்கும் மட்டும் பழைய சாம்பலே நின்றது.

மேல்தளத்தில் வேறு வியாதி. அங்கே இருந்த சிறிய அறைகளின் மேல் வண்ணம் தடிமனாகப் படிந்து, சன்னல்களும் கதவுகளும் காணாமல் போயிருந்தன. இதற்கு உரித்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மருமகனின் தங்கை, யாரையும் கேட்காமல், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் ஓர் உயிர்காக்கும் படகை முக்கி எடுத்தாள். அதில் அசிட்டோன் இருந்தது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும். படகு உருவம் இழந்து உருண்டையாக வெளியே வந்தது. எந்தத் திரவமானாலும், பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் சட்டத் துண்டில் முதலில் சோதித்துப் பார்ப்பதே முறை என்று நான் உபதேசித்தபோது அவள் தூரத்துப் பல்லியைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அக்ரிலிக்கை உரிக்க, மாதிரி செய்பவர்கள் பல நாட்டிலும் கைக்கொள்ளும் எளிய மருந்து டெட்டால். தண்ணீர் கலக்காமல் ஊற்றி, பாகத்தை மூழ்கவைத்து, மூடிவைத்தால், பிளாஸ்டிக்குக்குக் கேடில்லாமல் வண்ணம் மட்டும் இளகிவிடும். மூடியுள்ள பாத்திரமாக எங்களுக்குக் கிடைத்தது மாவடு தீர்ந்துபோன பீங்கான் ஜாடி. என் ஆத்தாளுக்கு அது தெரிந்தபோது நடந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. வாசனையை மட்டும் சொல்லியாக வேண்டும். நடுவில் வானம் பார்த்த வளவும் சுற்றிலும் பத்தியுமாகக் கட்டிய வீட்டில், ஒரு மூலையில் திறந்த டெட்டால் எல்லாப் பங்காளிகளுக்கும் பாரபட்சமின்றிப் போய்ச் சேர்கிறது. முகப்பிலிருந்து பெரியப்பா, “யாருக்கு என்ன செய்யுது?” என்று குரல் கொடுத்தார். அதற்கு யாரோ, “இரண்டாங்கட்டுல” என்று மட்டும் பதில் சொல்லி வைத்தார்கள். அந்த ஒற்றைச் சொல் தெருவுக்குப் போனது. அந்தி சாய்வதற்குள் அடுத்த தெரு ஆச்சி ஒருவர் சாத்துக்குடியும் ஆர்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து நின்றார். நோயாளியைப் பார்க்காமல் போவதில்லை என்று அவர் உறுதியாக இருந்ததால், ஜாடியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. உள்ளே எட்டிப் பார்த்த ஆச்சி, சற்று யோசித்து, சாத்துக்குடியை வைத்துவிட்டு ஆர்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வைத்தியத்தில் ஒரு பத்தியம் உண்டு. இளகிய வண்ணத்தைப் பழைய பல்துலக்கியால் டெட்டாலிலேயே தேய்த்து நீக்கிய பிறகுதான் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கு முன்பே தண்ணீர் பட்டால் எல்லாம் பிசினாகித் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் துலக்க வந்த அம்மாளிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவர் ஜாடியைக் குழாயடியில் வைத்துவிட்டார். புதிய டெட்டாலில் இன்னொரு முறை ஊறப்போட்டுத் தேய்த்ததில், ஒருவழியாகச் சன்னல்கள் மீண்டு வந்தன. மருந்துக்கடைக்காரர் இரண்டாவது பாட்டிலைத் தரும்போது, “புண் பெரிசோ?” என்று கனிவாக விசாரித்ததாக மருமகன் வந்து சொன்னான்.

எல்லாம் பூசி முடித்தபின் மேலே மங்கல் வார்னிஷ் தெளிக்க வேண்டும். மழை நாளில் வேண்டாம் என்றேன். மறுநாள் பஸ் ஏற வேண்டியவன் கேட்பானா? காற்றில் ஈரம் மிகுந்திருந்ததால் வார்னிஷ் வெளுத்து, கப்பல் முழுவதும் திருநீறு படர்ந்தது. ஆத்தாள் ஜாடியின் கோபம் தீராமலே வந்து பார்த்து, “சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவைப் போட்டு இழைச்ச சுவரு, உங்க பாட்டையா காலத்துலேர்ந்து பளபளன்னு இருக்கு; உன் கப்பலு ஒரு ராத்திரியில நரைச்சிருச்சே” என்று கேட்டார். வெள்ளைக்கரு பூசிப் பார்க்கலாம் என்ற அவருடைய யோசனையை மரியாதையாக ஒத்திவைத்து, பயணத்தையும் ஒத்திவைத்து, வெயில் வந்த ஒரு காலையில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்ததும் வெளுப்பு மறைந்தது. அது காய்ந்தபின் மேலே மங்கல் வார்னிஷை மிக மெல்லியதாக இட்டோம். இந்த முறை நின்றது.

மிஞ்சியது, புகைபோக்கிகளின் பழைய சாம்பல். அதற்குள் பெரியப்பா வேறொரு வழக்கைக் கொண்டுவந்தார். பினாங்கில் கடை வைத்திருந்த தம் தகப்பனார் எம்டனுக்கு நான்கு புகைபோக்கிகள் என்று சொல்லியிருக்கிறார் என்றும், இதில் மூன்றுதான் இருக்கின்றன என்றும் அவர் குறைபட்டார். மருமகன் மூன்றுதான் என்று சாதித்தான். இருவர் சொன்னதும் சரியே. கப்பலுக்கு உள்ளவை மூன்று. 1914 அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தபோது, ஆங்கிலேயரின் யார்மத் கப்பலைப்போல் தெரிவதற்காகப் பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பெரியப்பாவின் மனம் கோணாமலிருக்க, மருமகன் காகிதத்தைச் சுருட்டி நான்காவதைச் செய்து, அதற்குக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த பழைய சாம்பலைப் பூசி, மற்ற மூன்றையும் புதிய சாம்பலுக்கு மாற்றிவிட்டான். நிறம் பொருந்தவில்லையே என்று யார் கேட்டாலும், பொய்ப் புகைபோக்கி அப்படித்தான் இருக்கும் என்று இப்போது வரலாற்றையே துணைக்கு அழைக்கிறான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி, மணிவிழாவுக்கு முதல்நாள் பெரியப்பா இடப்பக்கச் சிப்பாயைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்டபோது, “அது பொய் மீசை, ஐயா” என்றார்.