டைமண்ட் ஸ்டிக்கர்

பெயின்ட் அடித்து முடித்த பஸ், டிப்போவுக்குத் திரும்பி வந்தபோது அதைச் சோதித்து வாங்கியவன் நான்தான். கேஸ் பைப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். கூரைமேல் ஏறி, சிலிண்டர்களைப் பிடித்திருக்கும் பட்டைகளின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வால்வுகளைத் திறந்து மூடினேன். படிவத்தின் கடைசி வரி, ‘எரிபொருள் அடையாள ஸ்டிக்கர்’. வண்டி எந்த எரிபொருளில் ஓடுகிறது என்று வெளியே காட்டுவது. அங்கே டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஸ்டிக்கரை மட்டும் பார்க்கவில்லை. எப்போதும் இருப்பதுதானே என்று கை தானாகவே டிக் போட்டுவிட்டது.

பஸ்ஸில் ஸ்டிக்கரே இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கதவில் ஒன்று என்று இருந்த எல்லாவற்றையும் பெயின்டர் சுரண்டி எடுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய ஸ்டிக்கர்மேல் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும், அதனால் எடுத்தார். திரும்ப ஒட்டவேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அந்த பஸ் அப்படியே இரண்டு வாரம் ஓடியது.

விஷயம் வெளியே வந்தது தீயணைப்புப் பயிற்சி நாளில். பயிற்சிக்கு அந்த பஸ்ஸைத்தான் நிறுத்தியிருந்தோம். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கிய நேரம். வந்திருந்த அதிகாரி வண்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. இருபது அடி தள்ளியே நின்றுகொண்டு டார்ச்சை மெதுவாக முன்பக்கத்திலிருந்து கதவு வரைக்கும் ஓட்டினார். அப்புறம் பின்பக்கம் போனார். திரும்பி வந்து கேட்டார்.

“இது டீசலா, கேஸா?”

“கேஸ் சார். சிஎன்ஜி. சிலிண்டர் எல்லாம் கூரைமேல இருக்கு.”

“நீங்க சொல்றதால தெரியுது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டுல இது எரியறப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்களா?”

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே பதில் எதிர்பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்குத்தான் அந்தச் சின்ன ஸ்டிக்கர் யாருக்காக என்பது எனக்கு உறைத்தது. டிப்போவில் எந்த வண்டி எதில் ஓடுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுகிறவர் எங்களை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. புகைக்குள்ளே, அவசரத்தில், முதல்தடவையாக அந்த வண்டியைப் பார்க்கிற தீயணைப்பு வீரர் அவர்.

அவருக்கு அது என்ன சொல்கிறது? சிலிண்டருக்குள் சிஎன்ஜி, அதாவது அழுத்திய இயற்கை எரிவாயு, சுமார் 200 பார் அழுத்தத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்கில், அடைபட்டிருக்கிறது. தீயில் சிலிண்டர் வெடித்துவிடாமல் இருக்க, நாங்கள் பிஆர்டி என்று சொல்லும் பாதுகாப்பு அமைப்பு அதில் இருக்கும். ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸில் அது திறந்து வாயுவை வெளியே விட்டுவிடும். அப்படி வருகிற வாயு பற்றிக்கொண்டால் நீண்ட தீச்சுவாலையாகப் பீறிடும். 2012 அக்டோபரில் நெதர்லாந்தின் வாசெனாரில் ஒரு சிஎன்ஜி பஸ் எரிந்தபோது கூரையிலிருந்து பக்கவாட்டில் பீறிட்ட சுவாலை 15 முதல் 20 மீட்டர் வரை நீண்டது. பயணிகள் முன்பே இறங்கிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. டீசல் பஸ் என்று நினைத்து வழக்கமான தூரத்தில் குழாயோடு நிற்கிற வீரர் அந்தச் சுவாலைக்குள்தான் நிற்பார். தண்ணீர் அடிப்பதிலும் யோசனை வேண்டும். தண்ணீர் பட்டு பிஆர்டி இருக்கும் முனை குளிர்ந்து, சிலிண்டரின் வேறொரு பகுதி தீயில் வெந்துகொண்டிருந்தால், திறக்கவேண்டிய நேரத்தில் அது திறக்காமலே போய்விடலாம்.

வாயு எது என்பதும் முக்கியம். சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன். அது காற்றைவிட லேசு, மேலே போகும். எல்பிஜி கனம், தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். வொர்க்‌ஷாப்பில் கசிந்தால் ஒன்றுக்குக் கூரையைப் பார்க்க வேண்டும், இன்னொன்றுக்கு வண்டிக்கு அடியில் இருக்கிற குழியைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு விதிப்புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை 110 இந்த ஸ்டிக்கரை மில்லிமீட்டர் கணக்கில் சொல்கிறது. பச்சைப் பின்னணி, வெள்ளைக் கரை, நடுவில் வெள்ளையில் சிஎன்ஜி. அகலம் 110 முதல் 150 மி.மீ., உயரம் 80 முதல் 110 மி.மீ., எழுத்தின் உயரம் குறைந்தது 25 மி.மீ. வெயில், மழை தாங்க வேண்டும். பஸ்ஸானால் முன்னாலும் பின்னாலும், அதோடு பயணிகள் ஏறும் பக்கத்துக் கதவின் வெளியிலும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 52 விதி நீலநிற டைமண்ட் வடிவ ஸ்டிக்கரைக் கேட்கிறது. வண்டியின் பின்பக்கம், கீழே, வலதுபுறம். ஆனால் பம்பரில் ஒட்டக்கூடாது. இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் அடிபடுவதும் முதலில் கழற்றி மாற்றப்படுவதும் பம்பர்தானே. எங்கள் ஆட்கள் கைக்கு எட்டுகிறது என்று பம்பரில் ஒட்டி நானே பார்த்திருக்கிறேன்.

இந்த விதிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஐ.நா. விதிகளின்படி சிஎன்ஜிக்கும் பச்சை, எல்பிஜிக்கும் பச்சை. மூன்றெழுத்துதான் வித்தியாசம். எழுத்தில் சேறு படிந்தால் பச்சை தெரிந்து என்ன பயன்? அமெரிக்காவில் எல்பிஜிக்குக் கறுப்பு, சிஎன்ஜிக்கு நீலம் என்று பிரித்திருக்கிறார்கள். அதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனாலும் மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். எந்த நிறமானாலும் எழுத்து சுத்தமாக இருந்தாக வேண்டும்.

வெளியே ஒட்டுவது ஒன்று. சிலிண்டரிலேயே இருக்கும் லேபிள் இன்னொன்று. ஒருமுறை பழைய வேன் ஒன்று சோதனைக்கு வந்தது. சிலிண்டர் பின்பக்கத் தரைக்குக் கீழே. லேபிளைக் காணவில்லை. அடியில் படுத்துக்கொண்டு, ஈரத்துணியால் சேற்றைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பட்டைக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சின்னக் கண்ணாடி ஒன்றை இடுக்கில் நுழைத்து, டார்ச் அடித்தபோதுதான் லேபிள் வண்டியின் தரையைப் பார்த்தபடி மேல்நோக்கி இருப்பது தெரிந்தது. மாட்டியவர் சிலிண்டரைத் திருப்பி மாட்டியிருக்கிறார். கண்ணாடியில் எழுத்து தலைகீழாக ஓடியது. தேதியைப் படிக்க முடியவில்லை. வாயுவை முறையாகக் காலிசெய்து, பட்டையைக் கழற்றி, சிலிண்டரைப் புரட்டினோம். ‘இதற்குப் பிறகு பயன்படுத்தக்கூடாது’ என்ற வரிக்கு எதிரே இருந்த மாதம் கடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

உரிமையாளருக்கு வருத்தம். “நல்லாத்தானே ஓடுது தம்பி, ஒரு கசிவு இருக்கா சொல்லு” என்றார். கசிவு இல்லைதான். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: “ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் இது விரியுது, காலியாகும்போது சுருங்குதுங்க. கம்பியை வளைச்சு வளைச்சு நிமிர்த்தற மாதிரி. ஆயுள் வருஷம் ஒவ்வொண்ணுக்கும் 1000 தடவைன்னு கணக்கு வெச்சு, அழுத்தத்தை ஏத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான் இந்தத் தேதியைப் போடறாங்க. அதைத் தாண்டி என்ன ஆகும்னு யாரும் சோதிச்சுப் பார்க்கல.” ஐ.நா. விதியில் உச்சவரம்பு 20 ஆண்டுகள். அதற்குமேல் எந்தத் தயாரிப்பாளரும் எழுத முடியாது. அவர் கொஞ்ச நேரம் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாற்றிவிடச் சொன்னார். பழையதை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக்கூடாது என்று அவர் கண்ணெதிரேயே அறுத்துப் போட்டோம்.

அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு விதி எஃப்எம்விஎஸ்எஸ் 304 இன்னொன்றும் சொல்கிறது. சிலிண்டரின் ஆயுள் முழுக்க லேபிள் அதிலேயே இருக்க வேண்டும், படிக்கும்படியும் இருக்க வேண்டும். விபத்திலோ தீயிலோ சிக்கினால் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அந்த லேபிளிலேயே எழுதச் சொல்கிறது. அதில் இன்னொரு வரியும் இருக்கும்: ‘சிஎன்ஜி மட்டும்’. வேறு வாயுவை நிரப்பினால் என்ன என்று பையன்கள் கேட்பார்கள். ஹைட்ரஜன் சிலவகை எஃகை நொறுங்கும்படி ஆக்கிவிடும் என்பதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பையன், அடையாளத்துக்காக வண்டி நம்பரைச் சிலிண்டரில் பஞ்ச் அடிக்கப் போனான். நல்ல எண்ணம்தான். கையில் எழுத்துப் பஞ்சும் சுத்தியும். ஓடிப்போய்ப் பிடித்தேன். கூர்மையான பள்ளம் ஒன்று விழுந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். அதனால்தான் முத்திரை வேண்டுமானால் உலோகச் சிலிண்டரின் தடித்த முனையில், அதுவும் உலோகத்துக்கு அதிக அழுத்தம் தராத பஞ்சால் போடவேண்டும் என்று விதி கட்டுப்படுத்துகிறது. நார் சுற்றிய சிலிண்டர் என்றால் லேபிளை மேற்பூச்சுக்குள்ளேயே பதித்துவிடுவார்கள். அவனுக்குப் பஞ்சுக்குப் பதில் ஒரு நோட்டைக் கொடுத்தேன், எந்தச் சிலிண்டர் எந்த வண்டியில் என்று எழுதிவைக்க.

எனக்கு மிகவும் பிடித்த வரி எஃப்எம்விஎஸ்எஸ் 303-இல் இருக்கிறது. வாயு நிரப்பும் வாயருகே இருக்கும் லேபிள், நிரப்பும்போது பக்கத்தில் நிற்கிறவர் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. நிரப்புகிறவர் எப்படி நிற்பார், எங்கே குனிவார், அவர் கண் எங்கே போகும் என்று யாரோ ஒருவர் நின்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

இயற்கை எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி நிரப்பும் எல்என்ஜி வண்டிகளோடு எனக்குப் பழக்கம் குறைவு. திரவமாக மைனஸ் 162 டிகிரியில் இருப்பதால் அதில் வாசனைப்பொருள் சேர்ப்பதில்லை, கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்காது. அங்கே ஸ்டிக்கருக்கு இன்னும் வேலை அதிகம்.

எங்கள் படிவத்தை மாற்றி எழுதினேன். ஸ்டிக்கர் இப்போது முதல் வரி. இருட்டிய பிறகு இருபது அடி தள்ளி நின்று, டார்ச் அடித்து, எழுத்தைப் படித்துவிட்டு வந்துதான் டிக் போட வேண்டும். சிலிண்டர் லேபிள் வெளியே தெரியவில்லை என்றால் வண்டி வெளியே போகாது. பெயின்ட் ஷெட்டின் சுவரில், எங்கெங்கே ஒட்டவேண்டும் என்று பஸ்ஸின் படம் ஒன்றை வரைந்து மாட்டினேன்.

போன வாரம் அந்தப் பெயின்டரே கூப்பிட்டார். “அண்ணே, நாளைக்கு வண்டி வெளியே வருது. ஸ்டிக்கர் மூணு குடுத்து அனுப்புங்க. கதவுல பழைய இடத்துல கைப்பிடி மறைக்குதுண்ணே, நாலு விரல் மேல தூக்கி ஒட்டட்டுமா?”

ஒட்டச் சொன்னேன். சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருபது அடியிலும் தெரிந்தது, முப்பதிலும் தெரிந்தது.