மேலே ஏறாத ஆறு ஜிபி

ஜனவரி 5, ஞாயிறு

கேரம் கிளப்பில் இன்று பெண்கள் இறுதி ஆட்டம். 2024 நவம்பரில் நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து போர்டைச் சுற்றி ஒரே கூட்டம், கேமரா வைக்க இடம் பிடிப்பதே பெரும்பாடு. ஒன்றரை மணி நேர ஆட்டம், ஃபைல் 6 ஜிபி வந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு யூடியூபில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், இன்னும் 7 மணி நேரம் ஆகும் என்கிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். டவுன்லோடு 47 எம்பிபிஎஸ் (நொடிக்கு 47 மெகாபிட்), அப்லோடு 1.9. பிளான் என்னவோ இரண்டு பக்கமும் 50.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், 6 ஜிபி என்றால் 48,000 மெகாபிட். அதை 1.9-ஆல் வகுத்தால் ஏழு மணி நேரம். போன் டேட்டாவில் ஏற்றலாமென்றால் ஒரு நாளைக்கு 2 ஜிபியோடு கதவு சாத்திவிடுவார்கள்.

ஜனவரி 6, திங்கள்

கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா."

"பண்ணிட்டேன் தம்பி."

"டவுன்லோடு எவ்ளோ வருது?"

"47."

"அப்புறம் இன்னாக்கா, சூப்பரா வருதே!"

அந்தப் பையனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2023 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை பிராட்பேண்டுக்குக் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. அந்த 2 எம்பிபிஎஸ்ஸும் டவுன்லோடுக்கான கணக்குதான். படம் பார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது போல. எடுத்து அனுப்புகிறவர்கள் பாடு அவரவர் பாடு.

ஜனவரி 7, செவ்வாய்

வெளியே கை நீட்டுவதற்கு முன் வீட்டுக்குள் பார்த்தேன். மகள் போனில் போட்டோ பேக்கப் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினேன். கீழ்வீட்டுக்காரர் வைத்திருக்கும் கேமரா வேறு லைன், அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. அடுத்தது வைஃபை. ரௌட்டரின் சிக்னல் போனை எட்டும் அளவுக்குப் போனின் சிக்னல் ரௌட்டரை எட்டாது, போனுக்குள் இருக்கும் ரேடியோ சின்னது. ஆகவே தூர அறையிலிருந்து பார்த்தால் அப்லோடு மட்டும் தேய்வது சகஜம். லேப்டாப்பை வயர் போட்டு நேராக ரௌட்டரில் சொருகினேன். டவுன்லோடு 48, அப்லோடு 2.1.

சரி, வீட்டுக்குள் இல்லை.

ஜனவரி 8, புதன்

ராத்திரி எல்லாரும் சீரியலும் ரீல்ஸுமாக இருக்கும்போது லைன் நெரிசலாகும் என்பது பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன காரணம். நியாயமான சந்தேகம்தான். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன். தெருவே தூங்குகிறது, காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்களின் டிவிஎஸ் சத்தம் மட்டும். அப்லோடு 0.8. மத்தியானம் 2 மணி வெயிலில் பார்த்தால் 6-க்கு மேல்!

யாருமே இல்லாத நேரத்தில் குறைகிறது, ஊரே விழித்திருக்கும்போது ஏறுகிறது. நெரிசல் என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? மார்கழிப் பனியையும் வெயிலையும் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஜனவரி 9, வியாழன்

இன்றைக்குத்தான் பிடி கிடைத்தது, கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

லேப்டாப்பில் கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து பிங் அடித்தேன், அதாவது ஒரு செய்தியை அனுப்பி அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. ரௌட்டரைத் தாண்டி கேபிள்காரரின் முதல் முகவரிக்கு, வழக்கமான 32 பைட்டில். எல்லாம் திரும்பி வந்தது. அதே முகவரிக்கு 1,400 பைட் அளவில் அடித்தால் நூற்றுக்கு ஏழெட்டு காணாமல் போகிறது. நம் ரௌட்டருக்கே 1,400 அடித்தால் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆக, கோளாறு ரௌட்டரின் வெளிவாசலுக்கும் பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில் இருக்கும் அவர்கள் பெட்டிக்கும் நடுவில்.

வயரில் அங்கங்கே ஒரு பிட் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். டேட்டா பாக்கெட் பாக்கெட்டாகத்தான், அதாவது சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், அதில் ஒரு பிட் கெட்டாலும் அந்தப் பாக்கெட் முழுவதும் குப்பைக்குத்தான். சின்னப் பாக்கெட் தப்பிவிடும். அதைப் போல இருபது மடங்கு நீளமானதற்கு அடி வாங்கும் வாய்ப்பும் ஏறக்குறைய இருபது மடங்கு.

படம் பார்க்கும்போது பெரிய பாக்கெட்டுகள் கீழே வருகின்றன, நம் பக்கமிருந்து மேலே போவது "வந்து சேர்ந்தது" என்ற துக்கடா ரசீதுகள் மட்டும். அவை சின்னவை, தொலைவது அபூர்வம். அப்படியே ஒன்று தொலைந்தாலும், அடுத்த ரசீது முந்தையதற்கும் சேர்த்தே கணக்குச் சொல்லிவிடும். அப்லோடில் 1,500 பைட் மூட்டைகளே மேலே போக வேண்டும். ஒன்று தொலைந்தாலும் டிசிபி (ரசீதைப் பார்த்துப் பாக்கெட் அனுப்பும் வேகத்தை முடிவு செய்கிற இணைய விதிமுறை), வழியில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஏற ஏற இறக்குகிறது. 50 போகக்கூடிய லைன் 2-ல் தவழ்வது இதனால்தான்.

பெரிய பிங் போகும்போதும் வரும்போதும் பெரியதுதானே, எந்தப் பக்கம் தொலைகிறது என்று எப்படித் தெரியும்? டவுன்லோடு 47 வருகிறதே, அதுவே சாட்சி. கீழே வரும் பாதை சுத்தம், மேலே போகும் பாதைதான் பழுது.

ஜனவரி 11, சனி

மாடிக்குப் போனேன். ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) பக்கத்துக் கட்டடத்துப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கேயிருந்து எங்கள் ரௌட்டர் வரைக்கும் நாற்பது மீட்டர் போல சாதாரண வெள்ளை லேன் வயர், வீட்டுக்குள் போடுகிற ரகம். வெயிலில் மேல்தோல் பொரிந்து கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு ஜாயின்ட், இன்சுலேஷன் டேப் சுற்றியது. டேப் நுனி தானாகவே விட்டிருந்ததால் பிரித்துப் பார்த்தேன். ஆரஞ்சு ஜோடி முறுக்கின இடம் முழுக்கப் பச்சைப் பூஞ்சாணம் போலக் களிம்பு. பச்சை ஜோடி பரவாயில்லை.

100 எம்பிபிஎஸ் லைனுக்கு எட்டு இழையில் நாலுதான் வேலை செய்கிறது, ஒரு ஜோடி மேலே அனுப்ப, ஒரு ஜோடி கீழே வாங்க. எங்களுக்கு ஆரஞ்சுதான் மேலே போகிற ஜோடி போலிருக்கிறது. கடற்காற்றின் உப்பு அதில் படிந்திருக்கிறது. உப்பு பனி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயிலில் காயும். காலை 5 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் இருந்த வித்தியாசம் அதுதான்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற சில அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் 2020-ல் கடலுக்கடியிலேயே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். இங்கே மொட்டை மாடியில் ஒரு ஜாயின்ட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது.

போட்டோ எடுத்து ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், போன் டேட்டாவில்தான்.

ஜனவரி 13, திங்கள், போகி

"பொங்கல் கழிச்சு வர்றோம்க்கா." எதிர்பார்த்ததுதான். காலையில் தெரு முழுக்கப் புகை. அந்த வயரையும் போட்டுக் கொளுத்தியிருக்கலாம்.

ஜனவரி 17, வெள்ளி

பையன் வந்தான். நல்ல பையன், கையில் கிரிம்ப்பிங் டூல், டெஸ்டர் எல்லாம் இருக்கிறது. டெஸ்டரை மாட்டினான், எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. "வயர் ஓகேக்கா, ரௌட்டர் மாத்துங்க" என்றான்.

அந்த டெஸ்டர் பேட்டரி கரண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். களிம்பு ஏறிய செம்பிலும் அது போய்விடும். நொடிக்கு 12.5 கோடி தடவை மாறுகிற சிக்னல் அதே இடத்தைப் பிழையில்லாமல் தாண்டுமா என்று அதற்குத் தெரியாது. இதையெல்லாம் சொல்லி வாதாடாமல் லேப்டாப்பை அவன் முன்னாலேயே வைத்து இரண்டு பிங்கையும் ஓட்டிக் காட்டினேன். சின்னது ஒழுங்காக வருகிறது, பெரியது நடுநடுவே "டைம்டு அவுட்". கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது நமக்கு யாரும் சொல்லலியேக்கா" என்றான். அப்புறம் வெட்டி ஒட்டித் தரேன் என்று ஆரம்பித்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜாயின்ட்டே கூடாது, கறுப்பு அவுட்டோர் வயர் ஒரே நீளமாக வேண்டும் என்று நின்றேன். முதலாளியிடம் போனில் பேசி, வயர் காசு பாதி நான் தருவதாக முடிந்தது. எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் வேலைக்கு நான் எதற்குப் பாதி? ஆனால் கேரம் கிளப் மாஸ்டர் தினமும் வீடியோ கேட்கிறார்.

தொட்டியை விட்டுத் தள்ளி இழுத்தான். வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றச் சொன்னேன், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இரண்டு முனையிலும் சொருகுகிற ஆர்ஜே 45 கனெக்டர் புதுசு.

டவுன்லோடு 48, அப்லோடு 45. வீடியோ இருபது நிமிஷத்துக்குள் ஏறிவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

காலை 5 மணி, நல்ல பனி. 1,400 பைட் பிங் ஒன்றுகூடத் தொலையவில்லை. அப்லோடு 44.

அதே பெட்டியிலிருந்து இன்னும் சில வீடுகளுக்கு வெள்ளை வயர்தான் போகிறது. எதிர் வீட்டு அண்ணி தன் லைனையும் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லாரும் பேசுவது அவர் வீட்டுக்காரருக்குத் தெளிவாகக் கேட்கிறதாம், அவர் பேசுவது மட்டும் அவர்களுக்கு விட்டுவிட்டுத்தான் போகிறதாம். மைக்தான் கெட்டுவிட்டதென்று இரண்டு ஹெட்செட் வாங்கியாயிற்று. சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.