செந்தூல் வீட்டில் ஹோஸ்டா: ஒன்றரை வருடத்துக் கணக்கு

ஹோஸ்டா இலை அழகுக்காக வளர்க்கும் குளிர்நாட்டுச் செடி. நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில். போன வருடம் ஜனவரியில் ஆன்லைனில் மூன்று ஹோஸ்டா வேர்க்கொத்து வாங்கினேன், பிளான்டஜினியா இரண்டு, குவாக்கமோலி ஒன்று. பிளான்டஜினியா சீனாவில் இருந்து வந்த இனம், ஹோஸ்டாவிலேயே சூட்டை அதிகம் தாங்குவது அதுதான், குவாக்கமோலியும் அந்த வழியில் வந்தது. தொட்டிக்கும் கருக்கிய உமிக்கும் சுங்கை பூலோ நர்சரிக்குப் போனபோது அங்கிருந்த அண்ணன், "இலைக்குத்தானே ஆசைப்படுற தம்பி, கெலாடி வாங்கிட்டுப் போ, தானா வளரும்" என்றார். கெலாடி என்றால் சேம்பு வகைச் செடி. அவர் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு ஹோஸ்டாதான் வேண்டும்.

தேங்காய் நார்த்தூள், கருக்கிய உமி, மக்கிய உரம், மூன்றையும் சம பங்கு கலந்து நட்டேன். கிழக்குப் பார்த்த போர்ச், காலை பத்து மணி வரைக்கும்தான் வெயில். பதினேழாவது நாள் சுருட்டிய வெற்றிலை மாதிரி முளை வந்தது. ஆறு மாதம் நன்றாகவே இருந்தது. நத்தைத் தொல்லை மட்டும் உண்டு, மழை விட்ட இரவுகளில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்கிப் போடுவேன். கையுறை இல்லாமல் நத்தையைத் தொடாதீர்கள், மூளையைப் பாதிக்கும் புழு அதில் இருக்கலாம்.

நவம்பர் மழையில் குவாக்கமோலி போய்விட்டது. ஒரு இலையைத் தொட்டேன், காம்போடு கையில் வந்தது. அடியில் பஞ்சு நூல் மாதிரி வெள்ளைப் பூசணம், அதன் மேல் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள். அந்த உருண்டைதான் ஆபத்து, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போட்டேன், உரக்குழிப் பக்கமே கொண்டுபோகவில்லை. மற்ற இரண்டையும் அன்றைக்கே கொஞ்சம் மேடாக மாற்றி நட்டு, தண்டைச் சுற்றிச் சருகு எதுவும் சேராமல் பொடிக்கல் போட்டேன்.

அந்த இரண்டும் அழுகவில்லை, ஆனால் ஜனவரிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடச் சின்னது. உரம் வைத்துப் பார்த்தேன், பலனில்லை. ஹோஸ்டா குளிர்காலத்தில் இலையை உதிர்த்து மண்ணுக்குள் உறங்கி எழும் செடி. பகல் குறைவதும் குளிர் ஏறுவதும்தான் அதற்குப் படுக்கச் சொல்லும் அடையாளம். இங்கே வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம், ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கண் மூடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எந்த உயிர் தாங்கும்?

சரி, குளிர்காலத்துக்குப் பதிலாக ஒன்றை மட்டும் ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைப்பது என்று முடிவு செய்தேன். பிப்ரவரி தொடக்கத்தில் தண்ணீரைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து இலைகளை வெட்டி, வேரைக் கழுவி, லேசாக ஈரமுள்ள நார்த்தூளில் பொதிந்து, துளையிட்ட பையில் போட்டுக் காய்கறித் தட்டில் வைத்தேன். தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டியது. ஆப்பிளை மட்டும் அந்தத் தட்டில் வைக்க விடவில்லை, பழத்தில் இருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். அம்மா தன் முருங்கைக்கீரையை மேல்தட்டுக்கு மாற்றிக்கொண்டு, வாரா வாரம் "உன் செடி எழுந்துருச்சாப்பா?" என்று கேட்பார். ஞாயிறுதோறும் பையைப் பிரித்துப் பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

எட்டு வாரம் முடிந்து ஏப்ரலில் வெளியே எடுத்து நட்டதும் பதினோராவது நாளே முளைத்துவிட்டது, அதுவும் ஒன்றல்ல, ஐந்து முளை! இப்போது ஜூலையில் பதினாறு இலை இருக்கிறது, பெரியது ஒரு சாண் நீளம், நரம்பு ஒவ்வொன்றும் நகத்தால் கீறியதுபோல ஆழமாக ஓடுகிறது. வெளியிலேயே இருந்த தொட்டியில் நான்கே இலை, எதுவும் என் உள்ளங்கை அளவுகூட இல்லை. ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மண், ஒரே தண்ணீர்.

அந்தச் சின்னத் தொட்டிக்கு இந்த வாரம் தண்ணீரைக் குறைத்திருக்கிறேன், ஆகஸ்டில் ஐஸ்பெட்டியில் அதன் முறை. பெரியதில் இன்னும் பூத்தண்டு வரவில்லை. பிளான்டஜினியா பூ வெள்ளையாக, நீளமாக, பொழுது சாயும்போது விரிந்து மணக்கும். தினமும் விளக்கேற்றும் நேரத்துக்குப் போய் நடுக்குருத்தை விலக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.