பனி உருகும் வரிசையில் ரொக்கி மலைப் பயணம்

கல்கரியில் விமானம் இறங்கி, வாடகைக்கு ஒரு வாகனம் எடுத்து, பான்ஃப், லேக் லூயிஸ், ஜாஸ்பர் என்று வடக்கே போய் அதே சாலையில் திரும்பி வருவதுதான் ரொறன்ரோவிலிருந்து மேற்குக் கனடாவின் ரொக்கி மலைகளைப் பார்க்கப் புறப்படும் பலரும் போடும் திட்டம். ஆகஸ்ட் மாதத்தில் அந்த வரிசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜூன் மாதத்தில் போகிறவர்களுக்கோ அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். கோடையின் தொடக்கத்தில் அந்த மலைகள் ஒரே நாளில் திறந்துவிடுவதில்லை. பள்ளத்தாக்குகளில் பூக்கள் மலர்ந்திருக்கும் அதே வாரத்தில், அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஏரி உறைந்து கிடக்கும். ஆகவே தூரத்தை வைத்து அல்லாமல் பனி உருகும் வரிசையை வைத்து நாங்கள் இந்த ஆண்டுப் பயணத்தைத் திட்டமிட்டிருக்கிறோம். அப்பா, அம்மா, தம்பி குடும்பம், நாங்கள் என எல்லோரும் போகிறோம். திட்டமிடும்போது எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் உயரங்களைப் பார்க்க வேண்டும். கூட்னி தேசியப் பூங்காவின் தெற்கு வாசலில் இருக்கும் ரேடியம் என்ற சிற்றூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜாஸ்பர் நகரம் 1,060 மீட்டரில் இருக்கிறது. அதற்கு வெகு தெற்கே உள்ள பான்ஃப் நகரமோ 1,380 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. லேக் லூயிஸுக்கு அருகிலுள்ள மொரெய்ன் ஏரி 1,880 மீட்டரைத் தாண்டுகிறது. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்குப் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலை, போ கணவாயில் 2,060 மீட்டருக்கும் மேலே ஏறி இறங்குகிறது. வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். இங்கே நாள்காட்டியைத் தீர்மானிப்பது வடக்கும் தெற்கும் அல்ல, உயரம்தான். ஜாஸ்பர் பள்ளத்தாக்கில் மே மாத இறுதியிலேயே தாழ்வான நடைபாதைகள் காய்ந்துவிடுகின்றன. போ கணவாய்க்கு அருகே உயரத்தில் இருக்கும் பெய்ட்டோ ஏரியின் மேல் ஜூன் நடுப்பகுதியிலும் பனித்தகடு மிதக்கக்கூடும்.

இதை மனத்தில் வைத்துத்தான் வழியை வளைத்தோம். கல்கரியிலிருந்து பான்ஃப் நகரைத் தொடாமலே கடந்து, காசில் சந்தியில் இடப்புறம் திரும்பி, 93ஆம் இலக்கத் தெற்கு நெடுஞ்சாலை வழியாகக் கூட்னிக்குள் இறங்குகிறோம். அங்கிருந்து ரேடியம், கோல்டன் என்ற ஊர், யோஹோ தேசியப் பூங்கா, பிறகு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே வழியாக ஜாஸ்பர். திரும்பும்போது அதே பார்க்வேயில் இறங்கி லேக் லூயிஸ், மொரெய்ன், கடைசியில் பான்ஃப். ஜூன் மாதத்தின் நடுவில் தொடங்கி அதன் கடைசி வாரத்தில் முடிகிற பயணம் இது. தாழ்ந்த இடங்களை முதலில் பார்க்கிறோம். உயர்ந்த ஏரிகளுக்கு உருகுவதற்குக் கூடுதல் நாட்கள் கொடுக்கிறோம்.

கூட்னியை ரொறன்ரோவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தரும் விஷயம். 1920ஆம் ஆண்டு உருவான அந்தப் பூங்கா, வட அமெரிக்காவின் ஆறுகள் கிழக்கும் மேற்குமாகப் பிரியும் நீர்ப்பிரிவைக் கடந்து மேற்குச் சரிவில் இறங்கும் சாலையின் இருபுறமும் நீண்டு கிடக்கிறது. 2003ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் அதன் பெரும் பரப்பு எரிந்தது. எரிந்த மரங்களின் வெள்ளைத் தண்டுகளுக்கு நடுவே இளம் லாட்ஜ்போல் பைன் மரங்கள் நெருக்கமாக எழுந்து நிற்பதை மார்பிள் கன்யன் என்ற ஆழமான பாறைப் பிளவின் ஓர நடைபாதையில் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் அந்தக் கன்யனுக்குள் பாயும் நீரின் வேகம் உச்சத்தில் இருக்கும் என்பதும், நடை குறுகியது என்பதால் அம்மாவால் எளிதாக நடக்க முடியும் என்பதும் அதை முதல் நாளில் வைத்ததற்கான காரணங்கள். ரேடியத்தில் வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கிறது. ஊருக்குள் பெருங்கொம்பு ஆடுகள் சாவகாசமாகத் திரியும்.

யோஹோவுக்குள் கோல்டன் பக்கமிருந்து நுழைவதில் ஒரு நன்மை உண்டு. கிக்கிங் ஹார்ஸ் ஆற்றை எதிர்த்து ஏறிக்கொண்டே போகிறோம். பனி உருகும் காலத்தில் அந்த ஆறு கலங்கிப் பெருகி ஓடும். எமரால்ட் ஏரி 1,300 மீட்டர் அளவிலேயே இருப்பதால் ஜூன் நடுப்பகுதிக்குள் அதன் பனி உருகிவிட்டிருக்கும். டகக்கா அருவிக்குப் போகும் யோஹோ பள்ளத்தாக்குச் சாலை மட்டும் அப்படியல்ல. பனிச்சரிவு ஆபத்து உள்ள அந்தப் 13 கிலோமீட்டர் சாலை வழக்கமாக ஜூன் நடுப்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் இடையில்தான் திறக்கப்படுகிறது. மொத்தம் 373 மீட்டர் விழும் அந்த அருவியைப் பனி உருகும் காலத்தில் பார்ப்பதற்கு ஈடு இல்லை. ஆனாலும் திறப்பு நாள் நம் கையில் இல்லாததால், அதை ஒரு நாளுக்குள் பூட்டி வைக்காமல், போகும்போது மூடியிருந்தால் லேக் லூயிஸில் தங்கும் நாட்களில் திரும்பி வந்து பார்ப்பதென்று விட்டுவைத்திருக்கிறோம். லேக் லூயிஸிலிருந்து அந்தச் சாலையின் தொடக்கம் அரை மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம்.

அதே பகுதியில் அப்பாவுக்காக ஒதுக்கிய ஓரிடம் சுழல் சுரங்கப் பாதை. 1884இல் இங்கே போடப்பட்ட ரயில் பாதை 4.5 சதவீதச் சரிவில் இறங்கியது. அந்தச் சரிவில் கட்டுப்பாட்டை இழந்த ரயில்கள் பல உயிர்களைப் பறித்தன. 1909இல் மலையைக் குடைந்து இரண்டு சுழல் சுரங்கங்கள் அமைத்து, பாதையின் நீளத்தைக் கூட்டி, சரிவை 2.2 சதவீதமாகக் குறைத்தார்கள். நீளமான சரக்கு ரயில் ஒன்று வரும் நேரத்தில் சாலையோரப் பார்வை மேடையில் நின்றால், முன்பகுதி ஒரு மட்டத்தில் வெளியே வந்துகொண்டிருக்க, வால்பகுதி வேறொரு மட்டத்தில் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருப்பதைக் காணலாம். ரயில் வரும் நேரம் முன்கூட்டித் தெரியாது. தேநீர்க் குடுவையோடு காத்திருக்க வேண்டியதுதான். சாலைகளும் ரயிலும் சுரங்கமும் கூட இந்த மலைகளின் கதைதான் என்பதால், காட்சிகளுக்கு நடுவே இத்தகைய இடங்களுக்கும் நேரம் வைப்பது நல்லது.

ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே 232 கிலோமீட்டர் நீளம். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம் போதும், ஆனால் நிற்காமல் ஓட்டுவதற்காக யாரும் அங்கே போவதில்லை. பெற்றோலை லேக் லூயிஸில் நிரப்பிக்கொள்ள வேண்டும். இடையில் சஸ்கட்சவன் ரிவர் கிராசிங் என்ற ஒரே இடத்தில்தான் பெற்றோல் உண்டு, அங்கே விலையும் கூடுதல். பெரும்பகுதியில் கைபேசித் தொடர்பு கிடையாது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சாலையை இருமுறை கடப்பது நேர விரயம் என்று தம்பி முதலில் சொன்னான். ஜூன் மாதத்தில் அதுவே பெரிய வசதி என்பது என் பதில். போகும்போது உறைந்த நிலையில் போ ஏரியையும் பெய்ட்டோ ஏரியையும் பார்க்க நேர்ந்தால், சில நாட்கள் கழித்துத் திரும்பும்போது அவை உடைந்தோ உருகியோ வேறு தோற்றத்தில் இருக்கும். ஒரு பக்கம் மழை பெய்து மலைகளை மறைத்துவிட்டால் இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். அந்த ஏரிகளின் புகழ்பெற்ற நீலப்பச்சை நிறம், பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கும் மாவு போன்ற நுண்துகள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. பனி உருகி நீர் வரத்து கூடும்போதுதான் அந்தத் துகளும் கூடுகிறது. அதனால் ஜூன் தொடக்கத்தில் ஏரி திறந்திருந்தாலும் நிறம் முழுமை பெற்றிருக்காது. படங்களில் பார்த்த மொரெய்ன் ஏரியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஜூன் கடைசி வாரத்துக்கு முன் போகாமல் இருப்பது நல்லது.

பார்க்வேயின் நடுவில் அதபாஸ்கா பனியாறு சாலைக்கு அருகிலேயே இறங்கி வருகிறது. 1844ஆம் ஆண்டிலிருந்து அது 1.5 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. நடைபாதை ஓரத்தில், எந்த ஆண்டில் பனியின் விளிம்பு எங்கே இருந்தது என்பதற்கு ஆண்டு பொறித்த அடையாளங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். நாம் பிறந்த காலத்தை ஒட்டிய கல்லருகே நின்று பனியை அண்ணாந்து பார்க்கும்போது புள்ளிவிவரங்கள் சொல்லாத ஒன்று புரியும்; தம்பியின் பிள்ளைகளை அங்கே கட்டாயம் நடத்திச் செல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிப் பனிமீது ஏறுவது உயிராபத்து. பனிக்கடியில் வெடிப்புகள் மறைந்திருக்கும். வழிகாட்டியோடு மட்டுமே போகலாம்.

ஜாஸ்பரைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். 2024 ஜூலையில் பரவிய காட்டுத்தீ, நகரத்தின் 358 கட்டடங்களை அழித்தது; பூங்காவிலிருந்தும் நகரத்திலிருந்தும் ஏறத்தாழ 25,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எரிந்த காட்டைக் கண்டு மனம் கனக்கும் என்பதற்காக ஜாஸ்பரைத் திட்டத்திலிருந்து நீக்குவது சரியல்ல என்று நினைக்கிறேன். பயணிகளை நம்பி வாழும் ஊர் அது. தங்குமிடங்கள் முன்புபோல் இல்லாததால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் கிழக்கே 80 கிலோமீட்டர் தொலைவில் ஹின்டன் நகரத்தில் தங்கலாம்.

கோடைத் தொடக்கத்தின் உண்மையான பரிசு விலங்குகள். மேலே பனி கிடப்பதால் கரடிகள் பள்ளத்தாக்குகளில், சாலையோரப் புல்லையும் டான்டலியன் பூக்களையும் மேய்ந்துகொண்டிருக்கும். எல்க் மான்கள் மே இறுதியிலிருந்து ஜூன் வரை குட்டி ஈனும். குட்டியோடு இருக்கும் தாய் எல்க், மனிதர்களை விரட்டித் தாக்கத் தயங்காது. கரடி, ஓநாயிடமிருந்து 100 மீட்டர், எல்க், மான், ஆடுகளிடமிருந்து 30 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது பூங்கா விதி. கரடி விரட்டும் தெளிப்பானை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. கல்கரியிலோ பான்ஃபிலோ வாங்க வேண்டும். முகாம்களில் உணவை மேசைமீது விட்டுவைத்தால் அபராதம். எங்கள் புளிச்சாதமும் சம்பலும் உண்ணும் நேரம் தவிர எப்போதும் பூட்டிய வாகனத்துக்குள் இருக்கும். சாலையில் விலங்குகள் அடிபடாமல் இருக்க, பான்ஃப் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் வேலி போட்டு, 6 மேம்பாலங்களும் 38 அடிவழிகளும் கட்டியிருக்கிறார்கள். விலங்கு மோதல்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. மரங்கள் வளர்ந்த அந்தப் பாலங்களின் அடியில் வாகனம் போகும்போது, அவை எதற்காக என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறக் கூடாது.

மழைக்கும் இடம் விட வேண்டும். தெற்கு அல்பேர்ட்டாவில் ஜூன்தான் அதிக மழை பெய்யும் மாதம். 2013 ஜூன் 20ஆம் தேதியை ஒட்டிப் பெய்த கனமழை, மலையில் மிஞ்சியிருந்த பனியையும் உருக்கிக்கொண்டு வந்து, கல்கரியை மூழ்கடித்ததோடு, பான்ஃபுக்குக் கிழக்கே உள்ள கான்மோர் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையையும் அரித்துப் பல நாட்கள் மூட வைத்தது. அப்படியொரு வெள்ளம் அடிக்கடி வருவதல்ல. ஆனாலும் ஒவ்வொரு தங்குமிடத்திலும் எதுவும் திட்டமிடாத ஒரு பகலை விட்டிருக்கிறோம். விமானத்துக்கு முந்தைய இரவைக் கல்கரிக்கு அருகில் வைத்திருக்கிறோம். மேற்கே இன்னும் போய் மவுண்ட் ரெவல்ஸ்டோக் பூங்காவையும் சேர்க்கலாமா என்று யோசித்தோம். அதன் உச்சிக்குப் போகும் சாலை முழுவதும் திறப்பது பெரும்பாலும் ஜூலையில், மலர்வெளிகள் நிறைவது ஆகஸ்டில் என்பதால் விட்டுவிட்டோம்.

பதிவுகளில் சிக்கலானது மொரெய்ன் ஏரிதான். 2023ஆம் ஆண்டிலிருந்து அந்தச் சாலையில் தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பூங்கா நிர்வாகத்தின் பேருந்திலோ அனுமதி பெற்ற சுற்றுலாப் பேருந்திலோ போக வேண்டும். அண்மை ஆண்டுகளில் பூங்காப் பேருந்தின் இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்தத்திலும், பெரும்பகுதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்கும் திறக்கிறார்கள். அது மலை நேரம். ரொறன்ரோவில் அப்போது காலை 10 மணி. நுழைவுச் சீட்டைப் பொறுத்தவரை, 2025இல் ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை தேசியப் பூங்காக்களுக்கு நுழைவு இலவசமாக இருந்தது. நீங்கள் போகும் ஆண்டில் அத்தகைய சலுகை உண்டா என்று பார்த்துவிட்டு ஆண்டுச் சீட்டு வாங்குங்கள்.

பான்ஃபைக் கடைசியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுஞ்சாலைக்கு இணையாக ஓடும் போ பள்ளத்தாக்குப் பழைய சாலையின் கிழக்குப் பகுதி, விலங்குகளுக்காக மார்ச் 1 முதல் ஜூன் 25 வரை இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை மூடப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் மே, ஜூன் மாதப் பகல்களிலும் அந்தப் 17 கிலோமீட்டரைச் சைக்கிள் ஓட்டுநர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். ஜூன் 26 முதல் வாகனங்கள் போகலாம். அந்த வாரத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதனால் 26ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துவிட்டு, பான்ஃபிலிருந்து காசில் சந்தி வரை அந்தச் சாலையில் மெதுவாகப் போய் வருவதென்று வைத்திருக்கிறோம்.