பத்துப் பேர், அவரோடு பதினொன்று

ஹூஸ்டனில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸில் உதவியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கூலி பாக்கிக்காக அலைகிறவர்கள். போன வருஷம் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா, தான் உழைத்த மணிக்கணக்கை எல்லாம் மளிகைக்கடை ரசீதுகளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். அவர் சொன்னதை முழுசாகக் கேட்டேன், குறிப்பெடுத்தேன், ஆனால் நாளை எண்ணவில்லை. டெக்சஸில் கூலிப் புகாரை, பணம் வரவேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். நான் மனு எழுதி முடிப்பதற்குள் முதல் இரண்டு வாரக் கூலிக்குக் கெடு தாண்டிவிட்டது. தவறு என்னுடையதுதான், அவரிடமே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் பஸ் ஐந்தாம் வார்டு வழியாகப் போகும். டெக்சஸ் மாநில செனட்டில் உறுப்பினராக இருந்த கறுப்பின வக்கீல் பார்பரா ஜோர்டன் 1936-இல் பிறந்து வளர்ந்த பகுதி அது. 1959-இல் பாஸ்டனில் சட்டம் முடித்தவர், ஊர் திரும்பித் தொழில் தொடங்கியபோது தனியாக ஆபீஸ் போட வசதியில்லாமல், பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே வழக்கோடு வந்தவர்களைப் பார்த்தார்.

1962-இலும் 1964-இலும் மாநிலக் கீழவைக்கு நின்று தோற்றார். அவர் பேச்சுக்கு மயங்காதவர்கள் குறைவு, ஆனால் ஹாரிஸ் கவுண்டி முழுக்க ஒரே தொகுதியாக ஓட்டுப் போட்டதால், கறுப்பின மக்கள் திரண்டு வந்து போட்ட ஓட்டும் மொத்தக் கணக்கில் கரைந்துபோனது. தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் சொன்ன பிறகுதான் எல்லைகள் மாறின. ஓட்டுப் போட வரி கட்டும் கொடுமையும் 1966-இல் ஒழிந்தது. அந்த வருஷமே மாநில மேலவையான செனட்டுக்கு ஜெயித்தார். 1883-க்குப் பிறகு அந்தச் சபையில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர், 31 பேரில் ஒரே பெண்.

அப்போது உறுப்பினர் சம்பளம் வருஷத்துக்கு 4,800 டாலர்தான், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 140 நாள் கூட்டம். பிழைப்புக்குத் தொழில் ஒன்று வேண்டியிருந்தது.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒரு சம்பவத்தை. வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்று வந்தது. அந்தக் காலத்தில் அந்த செனட்டில் ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. அப்படியென்றால் 11 பேர் மறுத்தால் போதும், மசோதா அங்கேயே படுத்துவிடும். மேடைப் பேச்சுக்குப் பேர்போன ஜோர்டன் அன்றைக்கு ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி பத்துப் பேரைச் சேர்த்தார். அவரோடு பதினொன்று. மசோதா நகரவில்லை. விதியை வரிவரியாகப் படிக்கிற வக்கீல் புத்திதான் இது, அதை நான் மனதார மதிக்கிறேன்.

டெக்சஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்காகவும் அவர் பாடுபட்டார். மத்திய சட்டம் எட்டாத பண்ணையாட்களும் சலவைத் தொழிலாளர்களும் அவர் மனதில் இருந்தார்கள். ரப்பர் பேண்ட் போட்ட அந்தக் கட்டு மேஜையில் இருந்தபோது இதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போதெல்லாம் யாராவது வந்து உட்கார்ந்தால், முதலில் தண்ணீர் கொடுக்கிறேன், அப்புறம் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு கடைசியாகச் சம்பளம் வரவேண்டிய தேதி எது என்று கேட்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த அம்மாவுக்கு மீதிக் கூலி வந்துவிட்டது. செக்கை வாங்க வந்தவர் ரசீதுக் கட்டையும் திருப்பிக் கேட்டார். ஒன்றுகூடக் குறையாமல் எண்ணிக் கொடுத்தேன்.