மூன்றாவது மாத்திரை

குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டோடு கட்டிலில் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. அம்மா இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் கயிறு வாங்கி வந்து கட்டிவிட்டார். நான் டாக்டரைப் பார்க்க ஈசூன் பலதுறை மருந்தகத்துக்கும் (பாலிகிளினிக்) போனேன். அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் கட்டணச் சலுகை உண்டு. மனச்சோர்வு நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கலாம். இந்தக் கணக்கெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. மாத்திரைதான் பிடிபடவில்லை.

முதலில் செர்ட்ரலின், 50 மில்லிகிராம். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டர். வயிற்றுப்போக்கு மட்டும் மூன்றாம் நாளே வந்துவிட்டது. எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது எனக்கு இன்றும் மனப்பாடம். வயிறு அடங்கியது, 100க்கு ஏற்றினார்கள். மூன்று மாதம் ஆகியும் துண்டோடு உட்காருவது நிற்கவில்லை.

அப்புறம் வென்லஃபாக்சின். இதில் கொஞ்சம் தெளிவு வந்தது, அலுவலகத்தில் சிரித்தேன்கூட. ஆனால் ஏசியில் உட்கார்ந்தும் முதுகு நனைந்தது, ரத்த அழுத்தம் வேறு ஏறியது. ஒரு சனிக்கிழமை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் அக்கா வீட்டில் தங்கினேன், மாத்திரையை எடுத்துப் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் திரும்பும்போது உட்லண்ட்ஸ் குடிநுழைவு வரிசையில் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் ‘சுர்’ரென்று கரண்ட் அடித்தது. கண் முன்னால் போக, தலை பின்னால் வருகிற மாதிரி. நோய் முற்றிவிட்டது என்று அங்கேயே அழுதேன். இந்த மருந்து உடம்பைவிட்டு வேகமாக இறங்கிவிடும், ஒரு நாள் தவறினாலே இப்படி வரலாம் என்று பிறகு மருந்தாளர் சொன்னார். இதை முதலிலேயே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?

அதனால் நிறுத்தும்போதும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. 150, 75, 37.5 என்று வாரக்கணக்கில் இறக்கினார்கள். அது இறங்க இறங்க, இரவில் மிர்டாசபின் 15 உள்ளே வந்தது. அந்த ஐந்து வாரமும் எது நோய், எது போகிற மருந்து, எது வருகிற மருந்து என்று பிரிக்கவே முடியவில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்: ‘தூக்கம் 4 மணி. சுர் 6 தடவை. குளித்தேன், உடனே உடுத்தினேன்.’ டாக்டர் என்னைப் பார்த்ததைவிட அந்தத் தாள்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

மிர்டாசபினில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். கூடவே பேய்ப் பசி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து குளிர்பதனப் பெட்டி முன்னால் நின்றுகொண்டே பழைய மீன் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பேன். கணவர் முறுக்கு டின்னை மேல் அலமாரிக்கு மாற்றினார். முக்காலி போட்டு எடுத்தேன்.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ. பழைய கால்சட்டை எதுவும் ஏறவில்லை. டாக்டர் இதே மருந்து தொடரட்டும் என்கிறார், நடக்கவும் சொல்கிறார். அம்மாவுக்குத்தான் ஒரே சந்தோஷம். கன்னம் வந்துவிட்டதாம். எல்லாம் அந்தக் கயிறு செய்த வேலையாம்.