மடிக்கணினியில் பச்சை, சர்வரில் வெள்ளை: ஒரு ஸ்டைல்ஷீட் தின்ற இரண்டு மாலை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மெனுவோடு செய்த இணையதளம். விண்டோஸ் மடிக்கணினியில் அம்சமாக இருந்தது. சர்வரில் ஏற்றியதும் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அடிக்கோடு போட்ட நீல இணைப்புகள். "தம்பி, கலரெல்லாம் எங்க போச்சு?" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டார்.

நிறம், எழுத்து, அமைப்பு எல்லாம் எழுதியிருக்கும் சிஎஸ்எஸ் கோப்புதான் ஸ்டைல்ஷீட்; அது வந்து சேரவில்லை. அதைப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் வரி, ஹெச்டிஎம்எல்லின் (பக்கத்தை எழுதும் மொழி) ஹெட் பகுதிக்குள்தான் இருந்தது. இணைப்பது ஸ்டைல்ஷீட் என்று சொல்லும் 'ரெல்'லும் இருந்தது. (அதை விட்டுவிட்டால், கோப்பின் முகவரியான 'ஹெச்ரெஃப்' எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரவுசர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது.)

ஹோஸ்டிங் உதவிப் பிரிவிடமிருந்து வந்தது ஒரே பதில்: "எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை, கேஷை அழியுங்கள்." கேஷ் என்றால் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதி. அதை மூன்று பிரவுசரில் அழித்ததில் முதல் மாலை காலி.

எஃப்12 அழுத்தி, பிரவுசர் கேட்ட கோப்புகளைக் காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால் 404 (கோப்பு இல்லை) வரும் என்று நினைத்தேன். வந்தது 200 (சரி, கிடைத்தது). அங்கேதான் ஏமாந்தது. பக்கத்திலேயே 'டைப்' என்ற கட்டம் இருக்கிறது. அதில் ஸ்டைல்ஷீட் என்று வராமல் வேறு ஏதோ வந்திருந்தது. இல்லாத கோப்பைக் கேட்டால், இல்லை என்று சொல்லாமல் முகப்புப் பக்கத்தை 200 போட்டு அனுப்பும்படி அந்த சர்வரை அமைத்திருக்கிறார்கள். வந்தது ஹெச்டிஎம்எல் என்பதால் பிரவுசர் அதை ஸ்டைலாக ஏற்கவில்லை. பிழைகளைக் காட்டும் கன்சோல் பகுதியில் அதைச் சொல்லும் சிவப்பு வரியும் இருந்தது. இதைவிட எளிய சோதனை: ஸ்டைல்ஷீட்டின் முழு முகவரியை முகவரிப் பட்டையில் போட்டுத் திறங்கள். சிஎஸ்எஸ் வரிகள் தெரியாமல் கடையின் முகப்பு தெரிந்தால் முகவரிதான் தப்பு.

தப்பு ஒரே எழுத்து. ஃபோல்டர் பெயரில் பெரிய 'சி', லிங்க்கில் சின்ன 'சி'. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: விண்டோஸில் பெயரின் பெரிய எழுத்தைச் சின்னதாகவோ சின்னதைப் பெரியதாகவோ மட்டும் மாற்றினால் கிட் பெரும்பாலும் அதைக் கவனிக்காது. முதலில் வேறொரு பெயர் கொடுத்து கமிட் செய்துவிட்டு (கிட்டில் பதிந்துவிட்டு), பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள்.

முகப்பு சரியானது. உள் ஃபோல்டரில் இருந்த மெனு பக்கம் இன்னும் மொட்டையாகவே நின்றது. சாய்கோடு இல்லாமல் தொடங்கும் பாதை, அந்தப் பக்கம் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்காகும். தொடக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டதும் தளத்தின் வேரிலிருந்து தேடிப் பிடித்தது. கிட்ஹப் பேஜஸ் என்ற தள ஹோஸ்டிங் சேவையில் துணை ஃபோல்டரில் ஓடும் தளம் என்றால் இதே சாய்கோடு கவிழ்த்துவிடும். அங்கே இரண்டு புள்ளி, சாய்கோடு போட்டு ஒரு படி மேலே போவதுதான் பாதுகாப்பு.

கடைசியாகக் கடைக்காரரின் கைப்பேசி. வாழையிலைப் பச்சையைச் சற்று வெளிறச் செய்த பிறகும் அதில் பழைய பச்சையே. இந்தத் தடவை நிஜமாகவே கேஷ்தான். ஆனால் சாப்பிட வருகிற ஒவ்வொருவரிடமும் கேஷை அழிக்கச் சொல்ல முடியுமா? லிங்க்கில் கோப்புப் பெயருக்குப் பின் கேள்விக்குறி போட்டு 'வி=2' என்று சேர்த்தேன்; பிரவுசர் அதைப் புது முகவரியாக நினைத்து மறுபடி இறக்கிக்கொண்டது. இப்போது 'வி=5'இல் நிற்கிறது.